கழுத்தில் அம்மா போட்ட சங்கிலி

என் கழுத்தில், எலும்புக் குழிக்குச் சற்று மேலே, ஒரு சிறிய தழும்பு இருக்கிறது. சட்டையின் மேல் பொத்தானைப் போட்டால் மறைந்துவிடும். கேட்பவர்களுக்கு நான் சுருக்கமாகப் பதில் சொல்கிறேன்: பல்லில் தொடங்கிய கிருமி கழுத்துக்குள் இறங்கியது, மூச்சுப் பாதை அடைபட்டது, அந்த இடத்தில் துளை போட்டுக் குழாய் வைத்தார்கள். கேட்டவர்களும் அதோடு திருப்தியாகிவிடுகிறார்கள்.

அந்தப் பதிலுக்குள் அடங்காதது ஒன்று உண்டு. பதினோரு நாட்கள் என்னால் பேச முடியவில்லை. நான் சாகக் கிடந்ததற்குத் தானே காரணம் என்று நினைத்துக்கொண்டு அந்தப் பதினோரு நாட்களும் என் அம்மா கட்டிலருகே உட்கார்ந்திருந்தார். அது உண்மையில்லை என்பது எனக்கு மட்டுமே தெரியும். அதைச் சொல்வதற்காகவும், என்னைப் போல் பல்வலியைத் தள்ளிப்போடுகிறவர்கள் யாராவது படிக்கக்கூடும் என்பதற்காகவும் இதை எழுதுகிறேன்.

நாங்கள் இருவரும் மலாக்கா பக்கத்தில், அலோர் காஜாவுக்கு வெளியே ஒரு தாமானில் (குடியிருப்புப் பகுதியில்), வரிசை வீட்டில் இருக்கிறோம். அப்பா இருந்தவரை தோட்டத் தொழிலாளர் லயத்தில் இருந்தோம். காலில் பட்ட சின்னப் புண்ணோடு ஆஸ்பத்திரிக்குப் போன அப்பா திரும்பி வரவில்லை. சர்க்கரை நோய். அதற்குப் பிறகு அம்மா என் அறையில்தான் படுக்கிறார், ஒரே காற்றாடியின் கீழ். விடியும் முன் எழுந்து பள்ளிக்கூடக் கேண்டீனுக்கு தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் பொட்டலம் கட்டுகிறார்.

நான் ஒரு மின்னணுத் தொழிற்சாலையில் அளவுக்கருவிகளைச் சோதிக்கும் பிரிவில் வேலை செய்கிறேன். ஒரு கருவி சரியாக அளக்கிறதா, கடைசியாக எப்போது சோதித்தோம், அடுத்து எப்போது சோதிக்க வேண்டும் என்பதை எழுதி ஒட்டாமல் எதையும் கையைவிட்டு அனுப்ப மாட்டேன். வீட்டு வேலைகளையும் வாராவாரம் ஒரு குறிப்பேட்டில் எண் போட்டு எழுதுவேன். முடிந்ததை அடிப்பேன், முடியாததை அடுத்த பக்கத்துக்கு மாற்றுவேன்.

ஏழாவது வரியில் 'கடைவாய்ப் பல், இடது கீழ்' என்று இருந்தது. மூன்று வாரங்களாக அந்த வரியைப் பக்கம் பக்கமாக மாற்றி எழுதியிருக்கிறேன். மூன்றாவது வாரம் பக்கத்தில் 'தணிக்கைக்குப் பிறகு' என்று சேர்த்தேன். தொழிற்சாலையில் தணிக்கை நடக்கவிருந்தது, என் மேசையில் நாற்பது கருவிகள் காத்திருந்தன. காரணம் அதுவல்ல என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல் பிடுங்கப் பயம். அதைவிட, ஆஸ்பத்திரி என்ற சொல்லைக் கேட்டதும் அம்மாவின் முகம் போகிற போக்கைப் பார்க்கப் பயம்.

வலி வந்தபோது மாத்திரை போட்டுக்கொண்டேன். அட்டையைக் கைப்பையின் உள்பையில் வைத்திருந்தேன். ஒவ்வொரு மாத்திரையையும் எடுத்ததும் அட்டையின் பின்பக்கத் தாளில், அழியாத பேனாவால், தேதியும் மணியும் எழுதினேன். அளவு மீறிவிடக் கூடாதே என்ற கவனம். தீர்ந்த அட்டைகளை ரப்பர் வளையம் போட்டுத் தொழிற்சாலையில் என் பூட்டுப்பெட்டிக்குள் வைத்தேன். வீட்டுக் குப்பைக்கூடையில் போட்டால் அம்மா பார்த்துவிடுவார்.

அந்தச் சனிக்கிழமை எங்கள் பிரிவு மொத்தமும் கடலோரத்து உம்பாய்க்கு மீன் சாப்பிடப் போனோம். சுட்ட மீனை வலது பக்கமாகவே மென்றேன். நண்டைத் தொடவில்லை. ஒருத்தி, "டயட்டா லா?" என்று கிண்டல் செய்தாள். சிரித்தால் தாடை இழுத்தது. வீட்டுக்கு வந்து, வயிறு நிறைந்துவிட்டது என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் படுத்தேன்.

திங்கட்கிழமை காலை கண்ணாடியில் என் முகம் ஒரு பக்கம் கனத்திருந்தது. இடது காதுக்குக் கீழிருந்து தாடை ஓரம் வரை வீக்கம். அம்மா புறங்கையால் தொட்டுப் பார்த்தார்.

"சுடுது. பொன்னுக்கு வீங்கிதான் இது. சின்னப் புள்ளையில ஒனக்கு வரவே இல்ல, அதான் இப்ப வந்து நிக்கிது."

கண்ணாடியைப் பார்த்தபடியே, "இருக்கும்மா," என்றேன்.

அந்த ஒரு சொல்லை நான் பலமுறை திரும்ப எடுத்துப் பார்த்திருக்கிறேன். பொன்னுக்கு வீங்கி என்றால் கழுத்தில் தங்கம் போட வேண்டும், தங்கம் பட்டால் வீக்கம் வடியும் என்பது எங்கள் வீடுகளில் வழிவழியாகச் செய்வது. அம்மை போலத்தான் அதையும் பார்ப்பார்கள். ஊசி கூடாது, ஆஸ்பத்திரி கூடாது, வேப்பிலையும் மஞ்சளும் போதும். அம்மா அப்படி நினைத்ததில் பிசகு ஒன்றுமில்லை. அவருக்குத் தெரிந்தது வீக்கம் மட்டும். பல் எனக்குத் தெரியும். பொன்னுக்கு வீங்கி என்று ஒத்துக்கொண்டால் பல்லைப் பற்றிப் பேச வேண்டியதில்லை, வாயைத் திறந்து காட்ட வேண்டியதில்லை, ஏழாவது வரி இன்னும் ஒரு வாரம் தள்ளிப்போகும்.

அம்மா அலமாரியின் மேல்தட்டிலிருந்த பிஸ்கட் டின்னை இறக்கினார். அதில் அவருடைய தாலிச்சங்கிலி இருந்தது. அப்பாவின் காரியத்தன்று தாலியைக் கழற்றிய பிறகு சங்கிலியை மட்டும் துணியில் சுற்றி அதற்குள் வைத்திருந்தார். நான்கு வருடத்தில் அது வெளியே வந்தது அன்றுதான். என் கழுத்தைச் சுற்றிப் போட்டுக் கொக்கியை மாட்டிவிட்டு, "ஒங்கப்பா வாங்குனது. ரெண்டு நாள்ல வடிஞ்சிரும்," என்றார்.

பக்கத்து வீட்டு காக் ரோஸ் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து எட்டிப் பார்த்தார். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து எங்களுக்குப் பழக்கம். மலாய்க்காரர் ('காக்' என்றால் அக்கா), ஆனால் அம்மாவோடு பேசிப் பேசித் தமிழ் பாதி வரும். "ஆலாமா, பெகோக் லா இது. தங்கம் எதுக்கு? நீலா பூசு, எங்கம்மா எனக்கு நீலாதான் பூசினது," என்றார். பெகோக் என்றால் பொன்னுக்கு வீங்கி. அவர்கள் வீட்டில் அதற்குத் துணிக்குப் போடும் நீலத்தைத் தடவுவார்களாம். தங்கமா நீலமா என்று இருவரும் வேலியில் நின்று வழக்காடினார்கள். நடுவில் நான் தாடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கடைசியில் இரண்டும் ஆயிற்று. தங்கச் சங்கிலியும் நீலக் கன்னமுமாக இரண்டு நாள் வீட்டில் இருந்தேன்.

அந்த இரண்டு நாளில் உள்ளே நடந்தது இதுதான் என்று பின்னால் விளக்கினார்கள். கீழ்க் கடைவாய்ப் பல்லின் வேர் தாடையெலும்பின் அடிப்பகுதி வரை இறங்கியிருக்கிறது. வேர்நுனியில் கட்டிய சீழ் எலும்பைத் துளைத்து, நாக்குக்கு அடியிலும் தாடைக்கு அடியிலும் உள்ள இடைவெளிகளுக்குள் புகுந்தது. அங்கே தடுப்புச்சுவர் கிடையாது. ஒரு பக்கத்தில் தொடங்கியது மறுபக்கத்துக்கும் பரவும். வாயின் தரை வீங்கி மேலே எழும்பும், நாக்கு அதன்மேல் ஏறிப் பின்னால் தள்ளப்படும். நாக்குக்குப் பின்னால்தான் மூச்சுப் பாதை இருக்கிறது.

புதன்கிழமை காலை வீக்கம் இரண்டு பக்கமும் சேர்ந்து முகவாய்க்கு அடியில் ஒன்றாகிவிட்டது. தொட்டால் பலகை போலிருந்தது. வாய் ஒரு விரல் அகலத்துக்கு மேல் திறக்கவில்லை. எச்சிலை விழுங்க முடியாமல் துண்டில் வடியவிட்டேன். அம்மா என்னைப் படுக்கச் சொன்னார். முதுகு பாயைத் தொட்டவுடன் யாரோ தொண்டைக்குள் துணியை அடைத்தது போலிருந்தது. எழுந்து முன்னால் குனிந்து, முகவாயை நீட்டி உட்கார்ந்தேன். அப்படி இருந்தால் மட்டும் காற்று போய் வந்தது. அம்மா இன்னொரு தடவை படுக்க வைத்துப் பார்த்தார். நான் கையால் அவரைத் தள்ளினேன். அதற்குப் பிறகு அவர் என்னைப் படுக்கச் சொல்லவில்லை.

அப்பாவுக்குப் பிறகு ஆஸ்பத்திரி வாசலை மிதிக்காத அம்மா, முந்தானையைக்கூடச் சரிசெய்யாமல் வேலிக்கு ஓடி காக் ரோஸின் கதவைத் தட்டினார். காக் ரோஸ் தன் காரின் பின்னிருக்கையில் தலையணை போட்டு என்னைக் கிடத்தலாம் என்றார். அம்மா முன் கதவைத் திறந்து என்னை உட்காரவைத்தார். மலாக்கா போய்ச் சேரும்வரை பின்னாலிருந்து என் நெற்றியை இரண்டு கையாலும் ஏந்திப் பிடித்திருந்தார். விளக்குச் சந்திப்புகளில் வண்டி நின்றபோது என் மூச்சின் சத்தம் எனக்கே கேட்டது. ஈரமான, இழுபடும் சத்தம்.

அவசரப் பிரிவில் என்னை, உயிருக்கு ஆபத்தானவர்களுக்கான சிவப்புப் பகுதிக்குக் கொண்டுபோனார்கள். உயிர்வளி முகமூடி, கையில் ஊசிக்குழாய், கிருமிக்கு மருந்து, வீக்கத்துக்கு மருந்து. எல்லாம் வேகமாகத்தான் நடந்தன. இளம் மருத்துவர் ஒருவர், சீழ் எவ்வளவு ஆழம் போயிருக்கிறது என்று தெரிய ஸ்கேன் எடுக்க வேண்டும் என்றார். தள்ளுகட்டிலின் முதுகுப்பகுதியை ஒருவர் தாழ்த்தத் தொடங்கினார்.

அம்மா கட்டிலின் பக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு மலாய் சரளமாக வரும், ஆனால் அப்போது இரண்டு சொல்தான் வந்தன. "ஜாங்ஙான் பாரிங்." படுக்க வைக்காதீர்கள். கட்டிலைத் தாழ்த்தியவர் பொறுமையாக, ஒரு நிமிடம்தான் மக்சிக் (அத்தை), படம் எடுக்க வேண்டும் என்றார். அம்மா கம்பியை விடவில்லை. அதே இரண்டு சொல்லை மறுபடி சொன்னார்.

அந்தச் சமயத்தில்தான் மயக்க மருத்துவர் வந்தார். என்னைவிட ஐந்தாறு வயது மூத்த தமிழ்ப் பெண். என்னைப் பார்த்தார், அம்மாவின் கையைப் பார்த்தார். "அம்மா சொல்றது சரி. யாரும் படுக்க வைக்காதீங்க. மூச்சுக்கு வழி பண்ணிட்டு அப்புறம் படம் எடுக்கலாம்," என்றார். பல நாள் கழித்து அவரே எனக்கு விளக்கினார். அந்த நிலையில் என்னை மல்லாக்கப் படுக்கவைத்திருந்தால், நாக்கு முழுதாகப் பின்னால் சரிந்து, ஸ்கேன் அறைக்குள்ளேயே மூச்சு நின்றிருக்கக்கூடும்.

அம்மாவிடம் இதை நான் பத்துத் தடவையாவது சொல்லியிருப்பேன். அவர் கேட்டுக்கொள்வார். அவர் மனதில் நிற்பது அதற்கு அடுத்து நடந்ததுதான்.

கழுத்தைச் சுத்தம் செய்ய வந்த தாதி சங்கிலியைக் கழற்றப் பார்த்தார். முடியவில்லை. வீங்கிய சதைக்குள் அது பதிந்திருந்தது. கொக்கி எங்கே இருக்கிறது என்றே தெரியவில்லை. மோதிரம் வெட்டும் கருவியை எடுத்து வந்து, சங்கிலிக்கு அடியில் தகட்டை நுழைத்து இரண்டு இடத்தில் வெட்டினார்கள். துண்டுகளைச் சிறுநீர்ப் பரிசோதனைக்கு வைத்திருந்த மூடிபோட்ட குப்பி ஒன்றில் போட்டு அம்மாவிடம் கொடுத்தார்கள். தோலில் சங்கிலியின் கண்ணிகள் ஒவ்வொன்றாகப் பதிந்த தடம் இருந்ததாம். அதை நான் பார்க்கவில்லை. அம்மா பார்த்தார்.

அறுவைக் கூடத்தில் நிறையப் பேர் இருந்தார்கள். மயக்க மருத்துவர் என் கட்டிலின் உயரத்துக்குக் குனிந்து, ஒரு வேலைத்தாளை வாசிப்பதுபோல் நடக்கப்போவதைச் சொன்னார். அவருக்கு என் தொழில் தெரியாது. ஆனாலும் எனக்குப் புரியும் மொழி அதுதான்.

"தங்கச்சி, உன்ன இப்ப தூங்க வைக்க மாட்டோம். நீயா மூச்சு விடறதுதான் இப்ப நம்மகிட்ட இருக்கிற ஒரே மெஷின். அத நாங்க நிறுத்த மாட்டோம். முதல்ல மூக்கு வழியா கேமரா. அது போகலன்னா கழுத்து வழியா. ரெண்டு பக்கமும் ஆள் ரெடியா நிக்கிறாங்க. புரிஞ்சா கண்ண மூடித் தொற."

கண்ணை மூடித் திறந்தேன்.

ஏன் தூங்கவைக்க மாட்டார்கள் என்பதை நான் பிறகு தெரிந்துகொண்டேன். விழித்திருக்கும்போது தொண்டைத் தசைகள் நமக்குத் தெரியாமலே பாதையைத் திறந்து பிடித்திருக்கின்றன. மயக்கம் கொடுத்தால் அவை தளரும். மற்றவர்களுக்கு என்றால் அப்போது வாயைத் திறந்து, நாக்கை ஒதுக்கி, குழாயை வைத்துவிடலாம். என் வாய் திறக்காது, நாக்கு ஒதுங்காது. முகமூடியை வைத்துக் காற்றை அழுத்தினாலும் உள்ளே போக வழியிருக்காது. அதனால் நோயாளி விழித்திருக்க வேண்டும், உட்கார்ந்திருக்க வேண்டும். கழுத்தைத் திறக்கும் மருத்துவர் கத்தியோடு முதலிலிருந்தே பக்கத்தில் நிற்க வேண்டும். என் கழுத்தில் பேனாவால் ஒரு கோடு போட்டார்கள். அதன் பின்தான் மூக்கில் கை வைத்தார்கள்.

மூக்கும் தொண்டையும் மரத்துப்போக மருந்தைப் புகையாக இழுக்கச் சொன்னார்கள். பிறகு, பென்சிலைவிட மெல்லிய, வளையும் கேமராக் குழாய். அது மூக்கின் பின்புறம் திரும்பும்போது கண்ணில் நீர் வழிந்தது. திரையை நான் பார்க்க முடியாது. அவர்களுடைய முகங்களைப் பார்த்தேன். முதல் முயற்சியில் எச்சிலும் இரத்தமும் கேமராவை மறைத்தன. வெளியே எடுத்துத் துடைத்தார்கள். இரண்டாவது முயற்சியில் வீங்கிய சதையைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. மூன்றாவது முயற்சி செய்யவில்லை. மயக்க மருத்துவர் கேமராவைத் தட்டில் வைத்துவிட்டு, எதிரே நின்றவரைப் பார்த்துத் தலையசைத்தார்.

அந்தத் தலையசைப்பை நான் இப்போதும் நினைத்துக்கொள்கிறேன். அதில் தோல்வியும் இல்லை, அவசரமும் இல்லை. முதல் வழி மூடியது, இரண்டாவது வழிக்குப் போகிறோம், அவ்வளவுதான். எங்கள் தொழிற்சாலையில் யாரும் அவ்வளவு அமைதியாக ஒரு வேலையைக் கைவிட்டு நான் பார்த்ததில்லை.

கழுத்தில் மரத்துப்போகும் ஊசி குத்தியது எரிந்தது. வெட்டியது வலிக்கவில்லை. யாரோ அழுத்துவதும் இழுப்பதும் தெரிந்தது. மயக்க மருத்துவர் என் கையைப் பிடித்திருந்தார். "இழு, விடு. இழு, விடு," என்று சொல்லிக்கொண்டே இருந்தார். ஒரு கட்டத்தில் இழுத்தேன், ஒன்றும் வரவில்லை. எவ்வளவு நேரம் என்று தெரியாது. வாழ்க்கையில் நான் அளக்காத நேரம் அது ஒன்றுதான். பிறகு பலமான ஓர் இருமல், கழுத்திலிருந்து. குளிர்ந்த காற்று, வாயையும் மூக்கையும் தொடாமல், நேராக நெஞ்சுக்குள் இறங்கியது. அதன் பின்தான் என்னைத் தூங்கவைத்தார்கள். சீழை வடித்தார்கள். பல்லையும் எடுத்தார்கள்.

தீவிர சிகிச்சைப் பிரிவில் நான்கு நாள், பிறகு பொது வார்டு. கழுத்துக் குழாயைச் சுற்றி உள்ளே ஒரு சின்னப் பலூன் ஊதியிருந்தது. எச்சிலும் சீழும் நெஞ்சுக்குள் இறங்காமலிருக்க அது வேண்டும். அது இருக்கும்வரை காற்று குரல்நாண்களை எட்டாது. வாய் அசையும், ஒலி வராது. சில மணிக்கொரு தடவை குழாய்க்குள் சளியை உறிஞ்சி எடுப்பார்கள். ஒவ்வொரு தடவையும் மூச்சு திருடப்படுவது போலிருக்கும். மற்றபடி பொறுத்துக்கொள்ளக் கூடிய நாட்கள்தான். காக் ரோஸ் அம்மாவுக்குச் சோறு கொண்டுவந்தார், வீட்டு வாசலில் விளக்கு ஏற்றிவைத்தார். கேண்டீன்காரர் ஒரு வெள்ளைப் பலகையும் பேனாவும் வாங்கி அனுப்பினார்.

நினைவு முழுதாகத் திரும்பிய நாள், அறுவை மருத்துவர் கட்டிலருகே நின்று அம்மாவிடம் சில கேள்விகள் கேட்டார். இதற்கு முன் பல்வலி என்று சொன்னாளா என்பது அதில் ஒன்று.

"இல்ல டாக்டர். இருந்தா எங்கிட்ட சொல்லியிருப்பா," என்றார் அம்மா.

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தூங்குகிறேன் என்று நினைத்தார்கள்.

அன்று மாலை அவர் காக் ரோஸிடம் பேசியதையும் கேட்டேன். "ரெண்டு நாளு வீட்ல வச்சிருந்தேன் ரோஸ். பெத்தவ நானு, ஒரு சங்கிலியப் போட்டுட்டு வடியும் வடியும்னு பாத்துக்கிட்டு இருந்தேன். மூச்ச அதுதான் இறுக்குச்சோ என்னமோ." சங்கிலி எதையும் இறுக்கவில்லை. வீக்கம் உள்ளேயிருந்து வந்தது. காக் ரோஸும் அதைத்தான் சொன்னார், தானும் நீலம் பூசியதைச் சொல்லி அழுதார். அம்மா அவரைத் தேற்றினார்.

பலகை என் மடியில்தான் இருந்தது. அதில் நான் எழுதியவை: தாகம். தலையணை உயரம். காற்றாடி வேண்டாம். நீங்கள் சாப்பிட்டீர்களா? தணிக்கை முடிந்ததா என்று கேளுங்கள். அம்மா தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு வரை படித்தவர். எழுத்துக்கூட்டாமல் வாசிப்பார். எட்டாம் நாள், அவர் குளியலறைப் பக்கம் துண்டு அலசப் போயிருந்தபோது எழுதினேன்: 'பல் மூன்று வாரமாக வலித்தது. நான்தான் சொல்லவில்லை.' எழுதியதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா ஈரத்துண்டோடு வரும் செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளங்கையால் துடைத்துவிட்டேன்.

ஏன் துடைத்தேன் என்பதற்கு நான் பல காரணங்கள் எழுதிப் பார்த்தேன். அவர் களைத்திருந்தார். வாயால் சொல்வதுதான் மரியாதை. பலகையில் எழுதினால் விளக்கம் சொல்ல இடம் போதாது. எல்லாவற்றையும் அடித்த பிறகு மிஞ்சியது இது: அந்த நாட்களில் அம்மா என் காலைத் தன் மடியில் வைத்துப் பிடித்துவிட்டுக்கொண்டிருந்தார். உண்மையைச் சொன்னால் அந்தக் கை நின்றுவிடுமோ என்று பயந்தேன்.

பன்னிரண்டாம் நாள் பலூனை இறக்கிவிட்டுக் குழாயைச் சிறியதாக மாற்றினார்கள். அதன் வாயில் ஒரு சின்ன மூடி பொருத்தினார்கள். உள்ளே இழுக்கும் காற்றை அது விடும், வெளியேறும் காற்றை மேலே, குரல்நாண்களுக்குத் திருப்பும். பேசிப் பார் என்றார்கள். அம்மா எழுந்து நின்றார். வந்த குரல் யாருடையதோ போல் கரகரத்தது.

"அம்மா, பல்லு வலிச்சிச்சு. மூணு வாரமா. நான் மறைச்சிட்டேன்."

அம்மா என் நெற்றியிலிருந்த முடியை ஒதுக்கினார்.

"எனக்காகச் சொல்றே நீ. பேச்சு வந்து மொதப் பேச்சே இதுவாடி?"

"நெசமாம்மா."

"சரி, சரி. பேசாத, தொண்ட புண்ணாயிரும்."

அதற்குப் பிறகு நான் சொன்னதெல்லாம் அந்த முதல் பேச்சோடு சேர்ந்துவிட்டது. மகள் தேற்றுகிறாள், அவ்வளவுதான். குழாயை எடுத்தார்கள், துளை தானாக மூடிக்கொண்டது, வீட்டுக்கு வந்தோம். அம்மா சங்கிலித் துண்டுகள் இருந்த குப்பியைச் சாமித்தட்டின் பின்பக்கம் வைத்தார். என் கழுத்தில் கறுப்புக் கயிறுகூடக் கட்டுவதில்லை. தூக்கத்தில் என் மூக்கருகே அவர் விரல் வந்து போவதை நான் சில நாள் உணர்ந்தேன். யாராவது நலம் விசாரிக்க வந்தால் அவரே முந்திக்கொண்டு, நான்தான் ரெண்டு நாளு வீட்ல வச்சிட்டேன் என்று தொடங்குவார்.

இதைப் படிப்பவர்களுக்கு நான் சொல்ல வேண்டியது சிறிய பட்டியல்தான். பல்வலியோடு தாடைக்கு அடியில் வீக்கம் வந்தால் அன்றே காட்டுங்கள். வாய் திறக்க முடியவில்லை, எச்சில் விழுங்க முடியவில்லை, குரல் மாறிவிட்டது, படுத்தால் அடைக்கிறது, இவற்றில் ஒன்று இருந்தாலும் காத்திருக்காதீர்கள். அப்படிப்பட்டவரைப் படுக்க வைக்காதீர்கள். வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். அவர் எப்படி உட்கார்ந்திருக்கிறாரோ அப்படியே கொண்டுபோங்கள். கழுத்தில் ஏதும் போட்டிருந்தால் கழற்றுங்கள். வலிக்கிறவர்கள், வலிக்கிறது என்று சொல்லுங்கள்.

வேலைக்குத் திரும்பிய முதல் நாள் பூட்டுப்பெட்டியைத் திறந்தேன். ரப்பர் வளையம் போட்ட மாத்திரை அட்டைகள் அப்படியே இருந்தன. கைப்பையில் போட்டுக்கொண்டேன். இனி அம்மா நம்பாமல் இருக்க முடியாது. வார்த்தையைத் தள்ளிவிடலாம், பதிவைத் தள்ள முடியாது. அன்று முழுவதும் எனக்கு நிம்மதியாகவே இருந்தது.

அம்மா சமையலறை மேசையில் நாளைக்கு வேண்டிய நெத்திலி ஆய்ந்துகொண்டிருந்தார். அட்டைகளை அவர் முன்னால் வரிசையாக வைத்தேன். ஏழு அட்டைகள். பின்பக்கம் திருப்பி, எழுத்து தெரியும்படி.

"பாருங்க. நீங்க சங்கிலி போடறதுக்கு மூணு வாரம் முந்தியே ஆரம்பிச்சது. எல்லாத்துக்கும் தேதி இருக்கு. ஒங்களால ஒண்ணும் இல்லம்மா."

அம்மா கையை முந்தானையில் துடைத்துவிட்டு முதல் அட்டையை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். உதடு அசைய, நாள் நாளாக, நான் எழுதியிருந்த ராத்திரி மணிகளை வாசித்தார். ராத்திரி பதினொண்ணு இருவது. ரெண்டே கால். காலையில நாலு அஞ்சு. அடுத்த அட்டை. ஒண்ணரை. நாலு மணி. நாலு பத்து.

நான் காத்திருந்தேன். அவர் முகம் தெளியும் என்று நினைத்தேன்.

மூன்றாவது அட்டையில் நிறுத்தினார்.

"நாலு மணிக்கு நான் எந்திரிச்சி இங்கதானே அரிசி களைஞ்சிக்கிட்டு இருந்தேன்," என்றார். "லைட்டு எரிஞ்சிச்சு. நீ வந்து, இந்தக் கப்புலதான் தண்ணி மொண்டு குடிச்சே. தாகமாம்மான்னு கேட்டேன்."

நான் அந்தக் கப்பைப் பார்த்தேன்.

"ஆமான்னு சொன்னே."

மீதி அட்டைகளையும் அவர் வாசித்தார், ஒன்றையும் விடாமல்.